மலைக்குளிரில் நிற்கிற மெல்லிய மேக்கப்: குன்னூரில் போட்டுப் பார்த்தது

கோயம்புத்தூரில் காலை முதல் மாலை வரை அழகாக நிற்கிற மேக்கப்பை, அதே பெண் அதே சாமான்களை வைத்துக் குன்னூரில் போட்டால், மதியத்துக்குள் மூக்கோரம் செதில் செதிலாகக் கிளம்பிவிடும். மார்கழி, தையில் இன்னும் மோசம். வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் அடக்குவதற்கென்றே வாங்கிய சாமான்கள் அவை. இங்கே அடக்குவதற்குப் பசையே இருக்காது. காற்று வறண்டு கிடக்கும். காலையில் கீசர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்போம். வெயிலில் நின்றால் சுள்ளென்று சுடும், நிழலுக்கு வந்தால் நடுங்கும். இத்தனையும் முகத்தில்தான் வந்து விழுகிறது.

அக்கா மகளுக்குத் தையில் இங்கே நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அவள் கோவையில் வேலை பார்க்கிறாள். பார்லருக்குப் போய் உட்கார அவளுக்கு மனசில்லை. “சித்தி, நீங்களே போட்டு விடுங்க. போட்ட மாதிரியே தெரியக் கூடாது, ஆனா முகம் பளிச்சுன்னு இருக்கணும்” என்றாள். மேக்கப் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் குன்னூரில் இருந்து ஊட்டிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். வெலிங்டன், அருவங்காடு தாண்டி ஜன்னலோரக் காற்றில் முகத்தில் எது நிற்கும், எது கிளம்பும் என்று வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறேன். அவளுக்காக என்னென்ன போட்டுப் பார்த்தோம், எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். மலையில் இருக்கிற பெண்களுக்கும், கல்யாணம் காட்சி என்று மலையேறி வருகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் முகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால், வெயில் நன்றாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடது பக்கம் அவள் கோவையில் வழக்கமாகப் போடும் மேட் ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் பூசும், மினுக்கம் இல்லாத நிறப்பூச்சு), அதன் மேல் காம்பாக்ட் பவுடர். வலது பக்கம் கெட்டியான மாய்ஸ்சரைசர், நிறம் கலந்த சன்ஸ்கிரீன், வேண்டிய இடத்தில் மட்டும் கருமையையும் தழும்பையும் மறைக்கிற கன்சீலர். அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கினோம். சிம்ஸ் பார்க்கில் நடந்தோம். மதியம் வீட்டு வாசலில் நல்ல வெளிச்சத்தில் அவளை நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கம் மூக்கோரத்திலும் வாயோரத்திலும் பழைய சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பொரிந்து நின்றது. சிரித்தால் கண்ணோரத்தில் கோடு கோடாகப் பிரிந்தது. வலது பக்கம் தோல் தோலாகவே இருந்தது. மூக்கு நுனியில் மட்டும் லேசான மினுமினுப்பு. அக்கா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது கன்னத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் இன்னும் ஒண்ணும் போடலையா?” என்று கேட்டாள். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. காம்பாக்டும் மேட் ஃபவுண்டேஷனும் கோவைக்கே திரும்பிப் போயின.

அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க வேலை நடந்தது தோலில்தான். என் அனுபவத்தில் மலையில் மேக்கப்பின் முக்கால்வாசி இதுவே. தோலில் ஈரம் இருந்தால் மேலே எதை வைத்தாலும் படியும். ஈரம் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஒட்டாது. அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். முகத்துக்கு வெந்நீர் வேண்டாம், குளிர் விட்ட தண்ணீர் போதும். நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ் வேண்டாம், காலையில் வெறும் தண்ணீரே போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் க்ரீம் தடவ வேண்டும். கிளிசரின், ஹையலூரானிக் ஆசிட் போன்றவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்பவை. வறண்ட காற்றில் அவற்றை மட்டும் தடவிவிட்டு விட்டால் தோல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மேலே ஒரு மூடி மாதிரி கெட்டியான க்ரீம் கட்டாயம் வேண்டும். தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு வகையான செராமைடு உள்ள க்ரீம் அவளுக்கு நன்றாக ஒத்துவந்தது. இரவில் மூக்கோரம், வாயோரம், உதடு மூன்றுக்கும் வாஸ்லினை விரலில் துளி எடுத்து ஒற்றிவிட்டுப் படுக்கச் சொன்னேன். காலையில் மேக்கப்புக்கு அடியில் வாஸ்லின் கூடாது, எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும்.

செதில் கிளம்பினால் ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். தேய்த்தால் அன்றைக்கு வழவழப்பாக இருக்கும், மறுநாள் இரண்டு மடங்காகக் கிளம்பும். குளிர்காலத்தில் ஸ்க்ரப்பை மறந்துவிடுவது நல்லது. புருவத்துக்கு நூல் போடுவதை விசேஷத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். வறண்ட தோலில் நூல் போட்ட சிவப்பு சீக்கிரம் இறங்காது. ப்ளீச், ஃபேஷியல் எல்லாம் கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டு வந்தோம்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. குளிருகிறதே, மேகம் மூடியிருக்கிறதே என்று இங்கே பாதிப் பேர் போடுவதில்லை. குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். போதாததற்கு நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. கன்னத்தில் மங்கு விழுந்த பெண்களை மலையில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! பிள்ளைப்பேறு, ஹார்மோன் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வெயில் பட்டால் மங்கு கருத்துக்கொண்டே போகும் என்பது நிச்சயம்.

சன்ஸ்கிரீனில் போட்டிருக்கிற பாதுகாப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்றால், தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதம், 50 என்றால் சுமார் 98 சதவீதம் தடுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த எண்ணைக் கணக்கிட்டபோது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று பூசித்தான் சோதித்திருப்பார்கள். நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒரேயடியாகத் தடவாமல் பாதி பாதியாக இரண்டு தடவை பூசினோம். நடுவில் சில நிமிஷம் விட்டால் திரளாது.

சிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் மாநிறத்தில் சாம்பல் பூத்தது போல நிற்கும். அதனால்தான் நிறம் கலந்ததை எடுத்தோம். அதில் சேர்க்கிற இரும்பு ஆக்சைடு நிறத்தை ஈடுகட்டுவதோடு, மங்குத் திட்டைக் கூட்டுகிற கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். ஃபவுண்டேஷன் செய்ய வேண்டிய வேலையில் பாதியை இதுவே செய்துவிட்டது.

நிறம் தேர்ந்தெடுப்பதில் அக்காவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். “ஒரு ஷேடு கூட்டிப் போடேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க” என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் அக்கா மகள் நல்ல மாநிறம். வெயிலில் நின்றால் கன்னத்தில் ஒரு பொன்னிறம் ஓடும். அதை மூடிவிட்டு வெளுப்பாக எதையோ பூசினால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது இன்னொரு நிறமாகப் போய்விடும். அதில் அவளே இருக்க மாட்டாள். “கண்ணு, உனக்கு எப்படி வேணும்?” என்று அவளையே கேட்டேன். “என்னை மாதிரியே இருந்தா போதும் சித்தி” என்றாள். அக்காவும் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

கன்சீலர் வாங்கும்போது கையில் தடவிப் பார்க்கக் கூடாது. கை வேறு நிறம், முகம் வேறு நிறம். தாடை ஓரத்தில் இரண்டு மூன்று ஷேடு கோடாக இழுத்து, கடையின் ட்யூப்லைட்டை விட்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். சிலது காற்றுப் பட்டதும் ஒரு படி கருக்கும். கழுத்தோடு கலந்து எது காணாமல் போகிறதோ அதுதான் நம் ஷேடு. அவள் கண்ணுக்கடியில் நீலம் கலந்த கருப்பு உண்டு. அங்கே நேராகக் கன்சீலர் வைத்தால் சாம்பல் நிறமாகத் தெரியும். அந்த நீலத்தை ஈடுகட்டுகிற ஆரஞ்சு நிற கரெக்டரை அரிசி அளவு எடுத்து, கருப்பு எங்கே அதிகமோ அந்தக் குழியில் மட்டும் மோதிர விரலால் தட்டி, அதன் மேல் மெல்லிசாகக் கன்சீலர். அப்புறம் மூக்கோரம், வாயோரம், தாடையில் ஒரு பழைய பருத்தழும்பு. அவ்வளவுதான். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் வெறும் சன்ஸ்கிரீனோடு விட்டுவிட்டோம்.

குளிரில் இந்த சாமான்களே விறைத்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு பீரோவில் இருந்து எடுத்த கன்சீலர் ஸ்டிக், காஜல் பென்சில் எல்லாம் கல்லாக இருக்கும். அப்படியே தோலில் இழுத்தால் மெழுகு துண்டு துண்டாக ஒட்டும், கண்ணிமையும் சேர்ந்து இழுபடும். ஸ்டிக்கைப் புறங்கையில் தேய்த்து, விரல் சூட்டில் குழைத்து, விரலாலேயே முகத்தில் தட்ட வேண்டும். காஜல் பென்சிலை மூடியோடு உள்ளங்கைக்குள் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டால் தானாக இளகும். மெழுகுவர்த்தியிலும் அடுப்பிலும் காட்டுவது ஆபத்து. பிரஷ், ஸ்பாஞ்ச் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. இந்த ஊர்க் குளிருக்கு விரல்தான் சரி.

கன்னத்துக்குப் பவுடர் ப்ளஷ் வேண்டாம், க்ரீம் எடுத்தோம். கடையில் முதலில் காட்டுகிற வெளிர் ரோஸ் மாநிறத்தில் சுண்ணாம்பாகத் தெரியும். செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், பழுப்பு கலந்த ரோஸ் போன்றவைதான் உள்ளிருந்து ரத்தம் ஓடுவது போலத் தெரியும். சிரிக்கச் சொல்லி மேடாகும் இடத்தில் வைக்காமல், அதற்குச் சற்று மேலே, கன்னத்து எலும்பில் தொட்டு வெளிப்பக்கமாகத் தட்டினேன். மூக்குக்குப் பக்கத்தில் வரக் கூடாது. குளிர்காற்றில் மூக்கு தானாகவே சிவக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் சளி பிடித்த முகமாகிவிடும்.

கண்ணில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். இந்த முகத்துக்கு வேறு எங்கேயும் அழுத்தம் கொடுக்கவில்லை, எனவே கண் மட்டும் பேச வேண்டும். மலைக்காற்றில் கண்ணில் நீர் கோக்கும். கீழிமைக்குள் காஜலை அப்பினால் அரை மணி நேரத்தில் அது கண்ணுக்கடியில் நிற்கும். அதனால் காஜலை மேலிமையில், முடி முளைக்கிற இடுக்குகளில் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்து, துணி சுற்றிய தீக்குச்சி முனையால் ஒற்றிச் சேர்த்தேன். கோடு போட்டதாகத் தெரியாது, இமைமுடி அடர்த்தியாகத் தெரியும். கீழே வெளிக்கோடியில் பழுப்பு நிறப் பென்சிலால் கொஞ்சம். கல்லை அரைத்துச் செய்கிற சுர்மா என்ற கண்மை வகைகளில் ஈயம் இருப்பது உண்டு, அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வர விடவில்லை. இன்னொன்று, காலையில் தலைவலி, மூக்கடைப்பு என்று நீலகிரித் தைலத்தை நெற்றியில் தேய்க்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கண் மேக்கப் போடுகிற நாளில் அதற்குத் தடை. ஆவி பட்டாலே கண் கலங்கும், போட்டுவிடுகிறவர் விரலில் தைலம் இருந்தாலும் அதே கதைதான்.

புருவத்துக்குக் கருப்பு வேண்டாம், அடர் பழுப்பு. இடைவெளி இருக்கிற இடத்தில் மட்டும் முடி முடியாக இழுத்து, சீப்பால் மேலே வாரிவிட்டால் முடிந்தது.

உதட்டில் தோல் உரிந்தால் பல்லால் கடித்தோ விரலால் பிய்த்தோ எடுக்கக் கூடாது. முந்தின வாரம் முழுக்க வாஸ்லின் வைத்திருந்ததால் அவளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நியூட் என்று விற்கிற வெளிறிய பிஸ்கட் நிறங்கள் நம் உதட்டில் நோயாளிக் களைதான் தரும். நம்முடைய சொந்த உதட்டு நிறத்தைவிட ஒரு படி அடர்த்தி, அதுதான் நமக்கு இயற்கை நிறம். அவளுக்கு மெரூன் சாயல் உள்ள பழுப்பு ரோஸ் பொருந்தியது. லிக்விட் மேட் வகை குளிரில் உதட்டை வெடிக்க வைக்கும். சாதாரண க்ரீம் லிப்ஸ்டிக்கை நடு உதட்டில் வைத்து, விரலால் ஓரத்துக்கு இழுத்து, டிஷ்யூவில் ஒரு தடவை ஒற்றி, மறுபடி மெல்லிசாக ஒரு தடவை.

பவுடர் மூக்கின் இரண்டு பக்கத்திலும், தாடை நடுவிலும் மட்டும். கன்னத்துக்கும் கண்ணுக்கடியிலும் தொடவே இல்லை.

பொட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கர் பொட்டுப் பசைகள் சிலவற்றில் சேர்க்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றியில் அரிப்பும் வெண்திட்டும் உண்டாக்கும். அதே இடத்தில் வருஷக்கணக்காக ஒட்டுகிறவர்கள் நெற்றியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். விசேஷத்துக்கு அவளுக்குச் சின்னதாகக் குங்குமம் வைத்தேன். அடியில் மெழுகு துளி தடவினால் உதிராது.

எல்லாம் முடிந்ததும் இரண்டு படம் எடுத்துப் பார்த்தோம். ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில், ஒன்று இருட்டறையில் ஃபோன் ஃப்ளாஷ் போட்டு. சன்ஸ்கிரீனில் உள்ள சிங்க், டைட்டானியம், சில பவுடர்களில் உள்ள சிலிக்கா எல்லாம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தை மட்டும் வெள்ளையாக்கும். எங்கள் படத்தில் முகமும் கழுத்தும் ஒன்றாகவே வந்தன. அரக்குப் பட்டு, சத்தியமங்கலத்து மல்லி, காதில் அம்மாச்சியின் ஜிமிக்கி, முகத்தில் இவ்வளவு. மண்டபத்துக்கு வந்தவர்கள் யாரும் மேக்கப் யார் போட்டது என்று கேட்கவில்லை. ‘பொண்ணு எவ்வளவு லட்சணமா இருக்கா’ என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்!

மதியம் மூக்கோரம் லேசாக வறண்டபோது மேலே எதையும் அடுக்கவில்லை. துளி மாய்ஸ்சரைசரை விரலில் தேய்த்து அந்த இடத்தை ஒற்றினேன், படிந்துவிட்டது. வெயிலில் படம் எடுக்கப் போவதற்கு முன் சன்ஸ்கிரீன் ஸ்டிக்கைப் புறங்கையில் குழைத்துக் கன்னத்திலும் நெற்றியிலும் தட்டினேன். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இது வேண்டும்.

இரவு கழற்றுவதற்குத் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், எங்கள் வீட்டில் குளிர்மாதம் முழுக்க வெள்ளைக் கட்டிதான். கரண்டி முனையில் சுரண்டி உள்ளங்கையில் வைத்தால் இளகும். உலர்ந்த முகத்தில் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் நுரை குறைவான ஃபேஸ்வாஷ் ஒரு தடவை, ஈரத்தோடு க்ரீம். பரு வருகிற முகமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும், அவர்களுக்கு மேக்கப்பைத் துடைத்தெடுக்கிற மைசெல்லார் வாட்டர் மேல்.

ஆபீஸ் நாளில் நான் போடுவது இதில் பாதி: க்ரீம், நிறம் கலந்த சன்ஸ்கிரீன், மேலிமையில் காஜல், அதே லிப்ஸ்டிக்கில் ஒரு துளி கன்னத்துக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் கன்னத்தை விட்டுவிடுவேன், சன்ஸ்கிரீனை விடுவதில்லை.

கல்யாணம் ஆவணியில், மேட்டுப்பாளையத்தில். மலையை விட்டு இறங்கினால் இதில் பாதி மாறும். கெட்டி க்ரீமுக்குப் பதில் ஜெல், கன்னத்தில் க்ரீம் ப்ளஷுக்கு மேல் மெல்லிசாகப் பவுடர் ப்ளஷ், காஜல் வாட்டர்ப்ரூஃப், நெற்றிக்கும் பவுடர். சூட்டில் மெழுகு இளகும் என்பதால் குங்குமத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனியில் கீழே போய் மறுபடி பாதி முகம் பாதி முகமாகப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.